கை நிற்கும் இடம்

"பைய... பைய. வெட்டாத புள்ள, செரண்டு."

குரல் தரைக்குக் கீழிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன். ஆளுயரம் தாண்டிய ஆழத்தில் மூன்று பெண்கள் குந்தியிருந்தார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, புருஷனுடையதோ மகனுடையதோ. தலையில் துண்டு. மூத்த அக்கா கையில் சின்னக் கரணை. எதிரே இருந்த சிறு வயதுப் பெண் வேலைக்குப் புதிது போல. அவள் மண்ணைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் அக்காவின் முகம் சுருங்கியது. "பால் சட்டி வழிப்பீல்ல, அப்படி. சட்டி தேயக் கூடாது, ஆடை மட்டும் வரணும்."

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் சாலையில் சிலைமான் பக்கம் பிரிந்து போனால் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர்தான், ஆனால் மாவட்டம் சிவகங்கை. தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் இந்த மேட்டுக்கு ஊரார் வைத்த பெயர் பள்ளிச்சந்தை திடல். நான் தனியாகப் போகவில்லை. மச்சினனும் வந்திருந்தான். ஒரு வாரம் துருக்கி சுற்றிவிட்டு அப்போதுதான் வந்தவன். வண்டியில் ஏறியதிலிருந்து அந்த ஊர்க் கதைதான். இஸ்தான்புல்லில் செம்பர்லிதாஷ் என்று ஒரு ஹமாம், 1584இல் கட்டியது. சூடான பளிங்குத் திண்ணையில் படுக்கப்போட்டு, முரட்டுத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு உடம்பு அழுக்கைத் திரித்துத் திரித்து எடுப்பார்களாம். தேய்க்கிற ஆளுக்கு 'தெல்லாக்' என்று பெயர். தெற்கே சிடே என்ற ஊரில் பழைய ரோமானியக் குளியல் கூடத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள்.

கீழடி அகழாய்வுக் குழிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான். "அங்க இடிஞ்ச சுவரே அண்ணாந்து பாக்குற உயரம் மச்சான். இங்க என்ன, வெறும் குழிதானே?"

அவன் கேட்டதில் தப்பில்லை. கல்லால் கட்டிய ஊர் இடிந்தாலும் எலும்பு நிற்கும். யாரும் வழிகாட்டாமலேயே பார்வையாளன் வாய் பிளக்கலாம். வைகைச் சமவெளி ஊர் அப்படிப்பட்டதல்ல. செங்கல், களிமண், மரத்தூண், அதன் மேல் ஓடு. மரம் மக்கிவிடும். செங்கலை அடுத்த தலைமுறை பெயர்த்துக்கொண்டு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது மண்ணின் நிறத்தில் ஒரு சிறு மாற்றம். தூண் நட்ட இடத்தில் தட்டளவுக்கு வட்டமாகக் கறுத்த மண், அவ்வளவுதான். அது சிதிலம் என்று தெரிவதற்கே ஒரு கை வேண்டும். நான் பார்க்கப் போனது அந்தக் கைகளைத்தான்.

வேலை நடக்கும் முறை எளிதாகத்தான் தெரிகிறது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் போட்டு, அதை நான்காகப் பிரிக்கிறார்கள். நடுவில் வரப்பு போல மண்சுவரை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்தச் சுவரில்தான் அடுக்கடுக்காகக் காலம் தெரியும். ஆய்வாளர் மேலே நின்று வரைகிறார், படம் எடுக்கிறார், பொருள் கிடைத்தால் இடத்தையும் ஆழத்தையும் அளந்து குறிக்கிறார். ஆனால் பொருளுக்கும் அவருக்கும் நடுவே, எல்லோருக்கும் முன்னால், இந்தப் பெண்களின் கரணை நுனி இருக்கிறது. அது ஒரு நொடி தாமதமாக நின்றால் மண்ணுக்குள் இருக்கும் பாசிமணி உடைந்திருக்கும்.

"எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டிருந்தது. சுரண்டி வைத்திருந்த தரையில் லேசாகத் தெளித்தார். காய்ந்து ஒரே சாம்பலாய்க் கிடந்த மண் நனைந்ததும் இரண்டாகப் பிரிந்தது: ஒரு பக்கம் மஞ்சள் கலந்த களி, இன்னொரு பக்கம் கறுப்பு. நடுவே வளைந்து போனது கோடு. "இது பழைய குழி சார். அந்தக் காலத்து ஆளுக எதையோ தோண்டி, பொறவு மூடிருக்காங்க. மூடுன மண்ணு என்னைக்கும் பொதபொதன்னுதான் இருக்கும். கரணை வச்சா கைக்கே தெரிஞ்சுரும்."

பிறகு அவரே திருப்பிக் கேட்டார். "நெல்லுல களையெடுக்கையில புல்லும் நெல்லு மாதிரியேதான் நிக்குது. கண்ணு பாத்தா பிடுங்குறோம்? கை பாத்துக்கிரும். எதைப் பிடுங்கணும்னு தெரியிறது பெருசில்ல சார். எதைத் தொடாம விடணும்னு தெரியணும்."

பத்திரிகைகளில் கீழடி என்றால் வேறு கணக்குகள் வரும். 1970களில் பள்ளி ஆசிரியர் வே. பாலசுப்பிரமணியம், மாணவர் கொண்டுவந்து காட்டிய பழம்பொருட்களைப் பார்த்துவிட்டு இந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறைக்காக அமர்நாத் ராமகிருஷ்ணா குழி போட்டார். நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை பார்க்கிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள். தமிழ்பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் 56. அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஆறு கரித் துண்டுகளை அனுப்பியதில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது. இந்தத் தேதிகளை வைத்து நடக்கும் சண்டை டெல்லிக்கும் சென்னைக்கும். குழிக்குள் 353 என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு சென்டிமீட்டரும் பாண்டுச் சட்டி பாண்டுச் சட்டியாக மண், சும்மாடு வைத்த தலை, ஏணி, சல்லடை.

மச்சினனுக்கு ஒரு செங்கல் தொட்டியின் படம் பிடித்துப்போனது. முதல் கட்டங்களில் கிடைத்தது. தொட்டி, அதற்கு வாய்க்கால் என்று வரிசையாக இருந்தது. "குளியல் தொட்டியா?" என்றான் ஆசையோடு. தோண்டியவர்கள் அதைத் தொழிற்கூடமாகத்தான் பார்த்தார்கள், சாயம் தோய்த்த இடமாக இருக்கலாம் என்றும் கருத்து வந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் தண்ணீர் இங்கே எல்லா இடத்திலும் இருக்கிறது. சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. உறைகிணறுகள் இருக்கின்றன: வளையம் வளையமாகச் சுட்ட களிமண் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிய கிணறு. ஆற்றங்கரை மணலில் வெறும் கிணறு வெட்டினால் சரிந்துவிடும். அதற்குத்தான் உறை.

உறைகிணறு இறக்குவதை விட அதைத் திரும்பத் தோண்டுவது சிரமம் என்றார் ஒரு பெரியவர். முதல் கட்டத்திலிருந்தே கரணை பிடிப்பவர். உள்ளே ஒருவர்தான் இறங்க முடியும். குந்தி உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும். காலுக்கு அடியிலிருக்கும் மண்ணைத் தானே சுரண்டி வாளியில் போட்டு மேலே அனுப்ப வேண்டும். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஒருத்தன் உள்ள நின்னு உறை இறக்கிருப்பான்ல தம்பி, அவனுக்கும் முழங்கால் இடிச்சிருக்கும்" என்று சிரித்தார்.

தோப்பு நிழலில் பானை ஓடுகளுக்குத் தனி ராஜ்ஜியம். குழிவாரியாகக் குவித்து, தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கட்டம் போட்ட தரையில் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் ஒவ்வொரு துண்டுக்கும் மையால் எண் எழுதுகிறார்கள். ஓடு கழுவும் பெண்ணிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரஷ் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வெயிலுக்குச் சாய்த்துப் பார்க்கிறாள். கீறல் இருந்தால் பிரஷ் கிடையாது, விரல்தான். நேற்றுக் கரணை பட்ட கீறல் வெளேரென்று இருக்குமாம். பழைய கீறலுக்குள் மண் இறுகியிருக்கும். 'ஆதன்' என்ற பெயர் இப்படி ஒரு கீறலாகத்தான் இந்த மண்ணிலிருந்து வந்தது. அவள் ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டை எடுத்து நகத்தால் தட்டினாள். கணீரென்றது. சாதாரண அடுப்புச் சட்டித் துண்டைத் தட்டினாள். தொக் என்றது. "இது காசு உள்ள வீட்டுப் பானை" என்றாள், சந்தையில் கத்தரிக்காய் பார்த்து வாங்கும் தீர்மானத்தோடு.

ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் இங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. விளையாட்டுச் சில்லு என்று அதை இவர்களுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். பாண்டி ஆடி வளர்ந்தவர்களுக்குக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்.

மழை தொடங்குவதற்கு முன் வேலை முடிந்துவிடும். நிலம் தோப்புக்காரருடையது என்றால், தார்ப்பாய் விரித்துத் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூட வேண்டியதுதான். சில குழிகளை மட்டும் மக்கள் பார்ப்பதற்காகத் திறந்தபடி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு இந்தப் பெண்கள் நடவுக்கும் களைக்கும் நூறு நாள் வேலைக்கும் திரும்புவார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று அவர்களுக்குச் செய்தித்தாளுக்கு முன்னால் தெரிவதில்லை. இது எனக்கு உறுத்தியது. இத்தனை பருவம் பழகிய கைக்கு வருடம் முழுக்க வேலை தரும் வழி இல்லாமலா போய்விட்டது?

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, செட்டிநாட்டு வீடு போலக் கட்டியது. அக்காவும் போய்ப் பார்த்திருக்கிறார். தான் எடுத்த சூதுபவளமணியைத் தேடினாராம். "கண்டுபிடிச்சீங்களா?"

"எங்கிட்டு? கண்ணாடிக்குள்ள வச்சா எல்லாம் ஒண்ணு மாதிரியேதான் இருக்கு சார். மண்ணுல இருந்தப்ப அது தனி."

சாயங்காலம் வேலை முடிந்ததும் தோப்பு பம்புசெட்டை நோக்கி எல்லோரும் நடந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் தளும்பி வாய்க்காலில் இறங்கியது. ஆண்கள் ஒதுங்கி நிற்க, பெண்கள் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து கைகால் கழுவினார்கள். முழங்கை வரை ஒட்டியிருந்த மண் கறுப்பாகக் கரைந்து போனது. மச்சினன் என்னை இடித்தான். "இதான் நம்மூரு ஹமாமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா வரப்பில் கிடந்த ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துக் குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். எங்கள் அப்பத்தாவும் இப்படித்தான் தேய்ப்பார். உடம்பு தேய்க்கவென்றே சுட்ட மண்கட்டிகள் இந்தியாவில் பல பழைய ஊர்களில் கிடைத்திருக்கின்றன என்று எங்கோ படித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, எந்தக் குழி ஓடு அது? சார் பாத்தாருன்னா உங்க காலுக்கும் சேத்து நம்பர் எழுதிருவாரு."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். துண்டைக் கழுவி, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் தட்டினார்.

"ஒண்ணுமில்ல. எங்க மாமியா உடைச்ச தொட்டி ஓடுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலை நீட்டினார்.