உதிரப்போகும் பல்தானே?

“உதிரப்போகும் பல்தானே, வைத்தியம் எதற்கு?” என்னும் பேச்சு நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. பால் பற்கள் 20-ம் உதிர்வனவே. எனினும் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை நின்று, உணவை மெல்லுவதோடு, பின்வரும் நிலைப்பற்களுக்கு இடமும் காத்து வைக்கின்றன.

என் 5 வயதுப் பேத்தியின் கடைவாய்ப் பல் சொத்தையானபோது, நரம்பு உயிரோடிருக்கிறதா என்று கருவி கொண்டு சோதிக்கலாகாதா என மருத்துவரைக் கேட்டேன். அவர் விளக்கினார்: குளிர்ச்சியையோ மெல்லிய மின்சாரத்தையோ பல்லில் வைத்து, “கூசுகிறதா?” என்று கேட்பதே அச்சோதனை. அச்சமுற்ற குழந்தை, தொடுமுன்பே “ஆம்” என்றுவிடும். மேலும் அச்சோதனை நரம்பின் உணர்ச்சியைக் காட்டுமேயன்றி, பல்லை வாழவைக்கும் இரத்த ஓட்டத்தைக் காட்டாது.

பின்னர் என்னையே வினவினார்: “இனிப்புப் பட்டால் மட்டும் வலித்து, உடனே அடங்குகிறதா அம்மா? அல்லது காரணமின்றி இரவில் உறக்கத்தைக் கலைக்கிறதா?” முன்னது நரம்பு பிழைக்கும் என்பதற்கும், பின்னது அது மீளாத நோயுற்றது என்பதற்கும் அறிகுறியாம்.

பேத்தி என்னருகில் உறங்குபவள். இரவில் ஒருநாளும் அழுததில்லை. மிட்டாய் தின்னும்போதே முகம் சுளித்தாள். அதைச் சொன்னேன். ஈறில் வீக்கமோ சீழ்க்கொப்புளமோ இல்லை, பல் ஆடவுமில்லை, எக்ஸ்ரே படத்திலும் கேடு தெரியவில்லை. சொத்தையை அகற்றி அடைத்ததோடு சிகிச்சை முடிந்தது, பல்லும் பிழைத்தது.

பெற்றோரே, பிள்ளையின் வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனித்து வையுங்கள். குழந்தையால் சொல்ல இயலாத அச்சாட்சியத்தை மருத்துவரிடம் சொல்லவேண்டியவர்கள் நாமே அன்றோ?