மாட்டேன் என்று சொல்லத் தெரியுமா?

புதுச்சேரியில் ஆட்டோவில் ஏறி 'மிஷன்' என்று சொல்லிப் பாருங்கள். "சம்பா கோயில்கிட்டயா, நேரு வீதி முனையிலயா?" என்று பதில் கேள்வி வரும். மிஷன் வீதி அந்த அளவுக்கு ஊரோடு ஒட்டிப்போன பெயர். பிரான்சிலிருந்து வந்த பாதிரிமார்களின் மிஷன் இருந்ததால் வந்த பெயர் அது. அந்தச் சொல்லுக்கு லத்தீனில் வேர் 'அனுப்பி வைப்பது'. ஒரு வேலையை ஒப்படைத்து, "போய் முடிச்சிட்டு வா" என்று ஆளை அனுப்பினால் அதற்குப் பெயர் மிஷன்.

இப்போது அந்தச் சொல் கண்ணாடி ஃபிரேமுக்குள் குடியேறிவிட்டது. எந்தக் கம்பெனியின் ரிசப்ஷனுக்குப் போனாலும் பிளாஸ்டிக் பூச்செடிக்கு மேலே தொங்குகிறது. ஒரு பக்கம் விஷன், இன்னொரு பக்கம் மிஷன். உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி, நம்பர் ஒன் இடம்... இந்த மூன்றும் இல்லாத போர்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அதைக் கழற்றி எதிர் கம்பெனியில் மாட்டினாலும் கச்சிதமாகப் பொருந்தும். சிமென்ட் கம்பெனி போர்டு சீட்டுக் கம்பெனிக்கும் பொருந்தும் என்றால், அதில் என்னதான் சொல்லியிருக்கிறது?

பி.காம். படிக்கும்போது பீட்டர் டிரக்கர் என்று ஒரு பெயரை மனப்பாடம் செய்தோம். 'நம் தொழில் என்ன?' என்று ஒவ்வொரு முதலாளியும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று 1954-லேயே எழுதியவர். இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டுத் தாண்டிப் போனோம். அதன் அர்த்தத்தைப் பார்க்க வேண்டுமென்றால், கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை போனால் போதும். அங்கே 2003-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அதன் மூல விதை மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ரிடையர் ஆனபோது வயது 58. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர். 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். புதுச்சேரி ஆசிரமத்தின் மேல் ஈடுபாடு கொண்டவர் என்பதால், ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே வைத்தார்.

அவர்களுடைய மிஷன் சின்ன வாக்கியம்தான். தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிப்பது. அவ்வளவே! கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 'தமிழ்நாட்டிலேயே பெரிய' என்று இல்லை. 'தேவையில்லாத' என்ற ஒரு சொல்தான் எல்லா வேலையையும் செய்கிறது. கண்புரையால் பார்வை போனவருக்கு ஓர் ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். அப்படியிருந்தும் ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது தேவையில்லாத இருட்டு.

இந்த ஒரு வாக்கியம் என்னென்ன முடிவுகளை எடுக்க வைத்தது என்று பாருங்கள். காசு இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே, கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கிராமத்துப் பாட்டிக்கு பஸ்ஸுக்குக் காசு ஏது? ஆகவே, கிராமத்தில் முகாம் போட்டு, பாட்டியை வண்டியில் ஏற்றி வந்து, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் கொடுத்து வந்துகொண்டிருந்தது. 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாக ஆரம்பித்துப் பத்து டாலர் சுமாருக்குக் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம்விட என்னை அசத்தியது வேறு. இத்தனை வித்தைகளையும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுக்கொடுக்க அதே 1992-ல் ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கினார்கள். தொழில் ரகசியத்தைப் போட்டியாளருக்குச் சொல்லித்தருவதா? 'நாங்கள் நம்பர் ஒன்' என்று போர்டு மாட்டியிருந்தால் அது பைத்தியக்காரத்தனம். 'தேவையில்லாத பார்வையிழப்பு ஒழிய வேண்டும்' என்று சொன்னவர்களுக்கோ, வேறு வழியே கிடையாது! தங்களால் மட்டும் முடிகிற வேலையா அது?

"அது சேவை சார், நாங்க வியாபாரம்ல பண்றோம்?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, வியாபாரத்துக்கே வருவோம்.

எங்கள் பகுதியில் ஒரு பேக்கரிக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எம்.பி.ஏ. முடித்த மகள் மூன்று கிளை திறக்கத் திட்டம் போட்டாள். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம். லோன் ரிப்போர்ட்டுக்காக விஷன், மிஷன் எழுதவும் ஆள் பிடித்துவிட்டாள். அண்ணன் அந்தப் பேப்பரை என்னிடம் நீட்டினார். "எட்டாயிரம் குடுத்தோம் தம்பி. படிச்சா, நம்ம கடையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"அதை விடுங்கண்ணே. எவ்வளவு நஷ்டம் வந்தாலும் நீங்க செய்யவே மாட்டீங்கன்னா, அது என்ன?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை அவர். "நேத்து போட்ட ரொட்டிய இன்னிக்கு ரொட்டின்னு விக்க மாட்டேன். மிஞ்சினா ரஸ்க் போடுவேன். ஆனா ரஸ்க்குன்னு சொல்லித்தான் விப்பேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மனதுக்குள் கணக்கு ஓடியது தெரிந்தது. அந்த விதிப்படி பார்த்தால், காலையில் ஒரு நடை, சாயந்திரம் ஒரு நடை வண்டி போகிற தூரத்தில்தான் கிளை இருக்க முடியும். அவர்களிடம் இருப்பது ஒரே வண்டி. லாஸ்பேட்டை சரி, முத்தியால்பேட்டை சரி. விழுப்புரம் கட்டாது. மூன்றிலேயே அதிகம் விற்கக்கூடிய இடம் என்று அவள் குறித்துவைத்திருந்ததும் விழுப்புரம்தான்! அப்பாவும் மகளும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவளே விழுப்புரத்தை அடித்துவிட்டாள். அந்தக் குடும்பத்தின் மிஷன் அன்றைக்குத்தான் எழுதப்பட்டது என்பேன்.

நீங்களும் எழுத உட்கார்ந்தால், முதலில் பெரிய வார்த்தைகளைத் தள்ளி வையுங்கள். மூன்றே கேள்விகள். யாருடைய எந்தக் கஷ்டம் உங்களால் தீர வேண்டும்? பத்து வருஷம் கழித்து அது எவ்வளவு குறைந்திருந்தால் ஜெயித்ததாகச் சொல்வீர்கள்? அதுதான் விஷன். லாபமே வந்தாலும் எதைச் செய்ய மாட்டீர்கள்? எழுதி முடித்ததும் கடைப் பையனிடம் படித்துக் காட்டுங்கள். முதலாளி இல்லாத நேரத்தில் ஒரு சிக்கல் வந்தால், அந்த வரியை வைத்து அவனே முடிவெடுக்க முடிய வேண்டும். அவன் தலையைச் சொறிந்தால் திரும்ப எழுதுங்கள்.

சுவரில் ஆணி அடிக்க இரண்டு நிமிஷம் போதும். அந்த வாக்கியத்துக்காக கல்லாவில் எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்யத்தான் நாளாகும். முதலில் அதை முடிவு செய்யுங்கள். ஆணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.