வீடும் வரைபடமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள எங்கள் நாற்சார் வீடு, 1964ஆம் ஆண்டுச் சூறாவளிக்கும் ஈடுகொடுத்து நின்றது. அதன் நடுமுற்றத்தை மூடி அறைகளைப் பெருக்குவதே இப்போதைய எண்ணம். மேசன் இருக்கையிற் கட்டடக் கலைஞருக்கு ஏன் கட்டணம் என்பது அப்பாவின் வினா. ஓய்வூதியத்தில் வாழ்பவர், அவ்வினா நியாயமானதே. ஆயினும், சுவரை எழுப்பும் வகையை மேசன் அறிவார். எவ்விடத்தை வெறுமையாக விடுவது என்பதை எவர் உரைப்பார்? கொழும்பிற் சிறு வீடுகள் நான்கினை இணைத்துத் தம் இல்லத்தை அமைத்த ஜெஃப்றி பாவா, இடையிடையே முற்றங்களை வானுக்குத் திறந்தே வைத்தார். கண்டி வட்டபுலுவக் குடியிருப்பை 1950களில் வடிவமைத்த மினெற் டி சில்வா, குடியிருக்கப் போவோரிடம் அவர்தம் தேவைகளை முதலிற் கேட்டறிந்தார். எனவே, வரைபடத்திற்கு மட்டுமேனும் கட்டடக் கலைஞரை நாடுவோம்; கட்டுவதை மேசனிடமே ஒப்படைப்போம் என்பது என் கருத்து. முற்றத்தை மூடிவிட்டால், இழந்த காற்றையும் வெளிச்சத்தையும் மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தியே பெற நேரும்.