சீதையின் அடுப்படி

வேப்பூர் கூட்டுரோட்டில் எங்கள் ஊரான மங்களூருக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரை "அண்ணே, வண்டி போயிடுச்சா?" என்று கேட்கிறோம். அவர் என்ன சாதி, எந்தக் கட்சி என்று அப்போது தோன்றுவதே இல்லை. ராமச்சந்திர காந்தி எழுபதுகளில் எழுதிய தத்துவ நூல்களின் மையம் இந்தக் கூப்பிடுதல்தான். ஒருவரைக் கூப்பிடும் கணத்தில், அடையாளங்களெல்லாம் கழன்று வெறும் உயிராக அவர் நம் முன் நிற்கிறார் என்றார்.

அப்பா வழியில் மகாத்மாவின் பேரன், அம்மா வழியில் ராஜாஜியின் பேரன். 1937-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவ அறிஞர் ஸ்ட்ராசனிடம் ஆய்வு செய்து, பின்னர் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறையை நிறுவினார். அத்தனை படிப்புக்குப் பிறகும் அவரை இழுத்தது திருவண்ணாமலை. ரமணரின் 'நான் யார்' என்ற விசாரணையைத் தியானத்தோடு நிறுத்தாமல் அரசியலுக்கும் கொண்டுவந்தார். ஓவியத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. தையப் மேத்தாவின் சாந்திநிகேதன் ஓவியத்தை வைத்தே சுயராஜ்யம் பற்றி 2002-ல் ஒரு நூல் எழுதினார்.

எனக்கு முக்கியமானது 1992-ல் வந்த 'சீதையின் சமையலறை'. அயோத்தியில் யார் இடம், யார் முதலில் என்று நாடே வழக்காடிக்கொண்டிருந்தபோது, இவர் மசூதியை ஒட்டியிருந்த 'சீதா கி ரசோயி'யைப் பார்த்தார். எல்லோருக்கும் சோறு போடும் பூமித்தாயின் அடுப்படி அது என்றார். நூலில் ஒரு பௌத்தக் கதை வருகிறது. நகைகளோடு ஓடிவிட்ட ஒரு பெண்ணை இளைஞர்கள் காட்டில் தேடுகிறார்கள். அவளைத் தேடுவது மேலா, உங்களைத் தேடுவது மேலா என்று கேட்கிறார் புத்தர். பாலி நூல்களில் அது பருத்திக்காடு. மானாவாரிப் பருத்தி போடும் ஊர்க்காரனான எனக்கு அந்த இடம் சட்டென்று கண்ணில் விரிந்தது. பிறன் என்று ஒருவன் இல்லை, அவனைக் கொல்வது உன்னையே கொல்வது என்பதுதான் ராமச்சந்திர காந்தியின் அரசியல்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறன் இல்லை என்னும் அத்வைதம் பேசிய நாட்டில்தான் தீண்டாமையும் இருந்தது. எங்கள் பக்கம் திண்ணைவரை வந்து உட்காரும் சிநேகிதனை அடுப்படிப் பக்கம் விடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாதி கடைசியாக ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். ராமச்சந்திர காந்தி தேர்ந்தெடுத்த இடமும் அதுவே என்பதால் அவரை விட மனம் வரவில்லை. அயோத்திக்காக அவர் எழுதியதை மங்களூரின் ஒவ்வொரு தெருவிலும் வாசிக்க வேண்டும் என்பேன்.