வண்டி எப்போது இழுக்கிறது?

ஹெப்பகோடிக்கு மெட்ரோ வந்த பிறகு எங்கள் ஷெட்டுக்கு வாடகை ஏறிவிட்டது. வரும் தையோடு பட்டறையை மூடுகிறேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் போன மாதம் அஞ்செட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு ஜிப்ஸியால் வந்தது.

வண்டிக்காரர் கையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் தாள் இருந்தது. எல்லாக் கட்டமும் பச்சை. "அண்ணே, போன இடத்துலயெல்லாம் அலைன்மென்ட் கரெக்டுங்கிறாங்க. ரோடு சரியில்ல, அதான் இழுக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம் ரோடுகள் இடப்பக்கம் சரிந்தவைதான். எந்த வண்டியும் கொஞ்சம் இடது பக்கம் போகத்தான் பார்க்கும். ரோடா வண்டியா என்று தெரிய வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியா உள்ரோட்டுக்குப் போய், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, நடு மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் ஓட்டினால் போதும். அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனமில்லை.

என்னிடம் வண்டி வந்தால் முதல் கேள்வி, எப்போது இழுக்கிறது என்பதுதான். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், பிடிக்கிற சக்கரத்தின் பக்கம் இழுக்கிறது, கோளாறு எதிர்ப்பக்கம். பிரேக்கை விட்ட பிறகும் இழுத்தால் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். ஆயில் போகும், திரும்பாது. பிளீடரைத் திறந்ததும் சக்கரம் லூசானால் கேலிப்பரைக் கழற்றாதே, ஹோஸை மாற்று. ஒரு பக்க லாக்கிங் ஹப் மட்டும் பூட்டிக் கிடந்தால், அந்தச் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றி லேசாக அந்தப் பக்கம் இழுக்கும். எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். காசு செலவில்லாத வேலை. அதனாலேயே யாரும் செய்வதில்லை போல.

இன்றைய பையன்கள் வண்டி ராம்ப்பில் ஏறியதும் டை ராடைத் திருகுகிறார்கள். டோ தப்பாக இருந்தால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். வண்டி இழுக்காது. இழுப்பது கேம்பர் வித்தியாசமும் கேஸ்டர் வித்தியாசமும். பட்டை வைத்த முழு ஆக்சில் வண்டியில் அந்த இரண்டும் டை ராடைத் திருகினால் மாறுகிற சமாச்சாரமா? பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போயிருந்தால், ஹப்புக்கு ஹப் டேப் பிடித்தாலே தெரிந்துவிடும். குறைந்த பக்கம் இழுக்கும்.

அஞ்செட்டி ஜிப்ஸிக்கு இதில் ஒன்றும் பொருந்தவில்லை. இடது பக்கம் திரும்பி நேரானால் இடது பக்கம் இழுத்தது. வலது பக்கம் திரும்பி வந்தால் வலது பக்கம் இழுத்தது. ஓட்டிப் பார்த்த சற்று நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காரணம் என் மேஸ்திரி.

கலாசிபாளையத்தில் அவரிடம்தான் தொழில் கற்றேன். மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கை பழகியவர். "வண்டி நிக்கும்போது இழுக்குதாடா? ஓடும்போதுதானே இழுக்குது? அப்ப ஓட்டிட்டு வந்து பேசு" என்பார். அவர் டூல் பெட்டியில் மீன்காரர்கள் பிடிக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசு இருக்கும். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டை ராடையும் டிராக் லிங்க்கையும் கழற்றி, நாக்கிளில் டை ராட் உட்காரும் ஓட்டையில் தராசுக் கொக்கியை மாட்டி மெதுவாக இழுப்பார். நாக்கிள் அசையத் தொடங்கும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஆயில் சீலைக் கழற்றாமல் இழுத்தால் கையிலேயே அடிப்பார். சீலின் பிடிப்பும் சேர்ந்து முள் பொய் சொல்லும் அல்லவா? முள் குறைவாகக் காட்டினால் ஷிம் எடுக்க வேண்டும், கூடக் காட்டினால் ஷிம் சேர்க்க வேண்டும். தாள் மாதிரி மெல்லிய ஷிம்மை விரலில் தேய்த்தே கனம் சொல்வார். இரண்டு பக்கமும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை சாப்பிடப் போகமாட்டார். எங்களையும் விடமாட்டார்.

ஜிப்ஸியில் அதையேதான் செய்தேன். யாரோ கிங் பின் பேரிங் புதிதாகப் போட்டு, ஆட்டம் இருக்கக் கூடாதென்று ஷிம்மை எடுத்திருந்தார்கள். கொக்கி மாட்டி இழுத்ததும் முள் எகிறியது. நாக்கிள் இவ்வளவு இறுகியிருந்தால் கேஸ்டர் எப்படிச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வரும்? விட்ட இடத்திலேயே நிற்கும். ஸ்டியரிங் திரும்பி வரவில்லையென்று இன்னொருவர் பட்டைக்கு அடியில் ஆப்பு வைத்துக் கேஸ்டரைக் கூட்டியிருந்தார். அதில் ஸ்டியரிங்தான் கனத்தது. ஆப்பை உருவி, ஷிம் சேர்த்து, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். அத்திப்பள்ளி வரை ஓட்டிவிட்டு வந்த வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் அந்தப் பச்சைத் தாளைக் கிழித்துப் போட்டார்.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. அது நிற்கிற வண்டியின் கோணத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. கிங் பின் இறுக்கமும் ஹோஸின் உள்பக்கமும் அதன் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய ஆள் பக்கத்தில் நின்று மொபைல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முதலாளி, நாளைக்கு எத்தனை வண்டி ராம்ப் ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். புது வண்டிகள் சிலவற்றில் ஸ்டியரிங் மோட்டாரே இழுப்புக்கு எதிராகப் பிடித்துக்கொள்கிறது. கைக்குத் தெரியாமலே டயர் தேய்ந்துகொண்டிருக்கும். அந்த வண்டிகளை இவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அலைன்மென்ட் சென்டர்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தாளில் பச்சைக் கட்டங்களுக்குக் கீழே ரோடு டெஸ்ட் என்று ஒரு கட்டம் போடுங்கள். ஓட்டிப் பார்த்தவன் அதில் கையெழுத்துப் போடட்டும்.