கடல்கட்டியும் சீட்டுக்கட்டும்

டாரோ சீட்டு நம்மில் பலருக்கு எலியட் வழியாகத்தான் பரிச்சயம். 1922ல் வெளியான அவருடைய 'பாழ்நில'த்தில் சீட்டைப் பரப்பிக் குறி சொல்லும் ஒருத்தி வருகிறாள். அவள் எடுத்துப் போடும் மூழ்கிப்போன மாலுமியின் சீட்டு வழக்கமான டாரோக் கட்டில் கிடையாது. அது எலியட்டின் சிருஷ்டி. இது தெரியவந்தபோது எனக்குச் சிறு ஏமாற்றம். முத்துக்குளித்த ஊர்க்காரனுக்கு அந்த ஒரு சீட்டுதான் சொந்தமாகப் பட்டிருந்தது.

போன மாதம் சென்னையிலிருந்து மில்லர்புரம் வீட்டுக்கு வந்த என் தங்கை மகள் நிஜச் சீட்டுக்கட்டையே கொண்டுவந்திருந்தாள். 78 சீட்டுகள். ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909ல் லண்டனில் வெளிவந்தவை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இவை விளையாட்டுச் சீட்டுகளாகத்தான் பிறந்தன. எகிப்திய ரகசியம் என்ற பெருமையெல்லாம் 1781ல் ஒரு பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்டது.

அவளுக்கும் குறியில் நம்பிக்கையில்லை. "இது ஜோசியம் இல்ல மாமா. நம்ம நிழலை நாம ஏத்துக்கிறதுக்கு ஒரு வழி. ஒண்ணு எடுங்க" என்றாள்.

நான் பார்த்த கிளி ஜோசியச் சீட்டுகளில் அசுரன் வந்தால் சாமியின் காலடியில்தான் வருவான். டாரோவில் பிசாசுக்கும் சாவுக்கும் தனித்தனிச் சீட்டு உண்டு. எனக்கு வந்தது அவையல்ல. பதினெட்டாவது சீட்டு, நிலா. இரண்டு கோபுரங்கள். நடுவே ஒரு பாதை மலையை நோக்கிப் போகிறது. ஒரு நாயும் ஒரு ஓநாயும் நிலாவைப் பார்த்து முகத்தை உயர்த்தியிருக்கின்றன. முன்னால் ஒரு குட்டை. அதிலிருந்து ஓட்டுடம்போடு ஒரு பிராணி கரையேறுகிறது. என் கண்ணுக்கு அது சிங்கி இறால். ஏறி வந்துவிடுமா, மறுபடி நீருக்குள் விழுந்துவிடுமா என்று படம் சொல்வதில்லை.

நிழலை ஏற்பது இன்று சுலபமான பேச்சாகிவிட்டது. கார்ல் யுங் அதைச் சுலபமாக வைக்கவில்லை. 'நான் இப்படிப்பட்டவன் இல்லை' என்று நாம் ஒதுக்கித் தள்ளியதெல்லாம் சேர்ந்து உருவான ஆள்தான் நிழல். 1951ல் வந்த 'ஐயான்' நூலில் அவர் அதை ஒரு அறப் பிரச்சினையாகவே பார்க்கிறார். தன்னிடம் காண மறுத்ததை மனம் அடுத்தவன்மேல் ஏற்றிக் காணும் என்பதும் அவர் சொன்னதே.

என் நிழலுக்கு ஒரு பெயர் இருந்தது. நானே வைத்த பெயர். புனைபெயர்.

1984ல் இதே மில்லர்புரத்தில் நண்பர் ஒருவர் தம் முதல் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அச்சிட்ட புத்தகம். எனக்கொரு பிரதியைச் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அன்றிரவே படித்தேன். நல்ல கவிதைகள் என்று தெரிந்தது. என்னால் எழுத முடியாதவை என்றும் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு சிற்றேட்டில் வேறு பெயரில் விமர்சனம் எழுதினேன். இரவல் படிமங்கள், அனுபவத்தின் ஈரம் இல்லாத சொற்கள், கவிஞன் என்ற தோரணை. இவை குற்றச்சாட்டுகள். விமர்சனத்தில் தாட்சண்யம் கூடாது என்பது அன்று நமக்கெல்லாம் கொள்கை. எனக்கு அந்தக் கொள்கை வசதியாக இருந்தது.

மோசமானது பின்னால் நடந்தது. அந்த இதழை எடுத்துக்கொண்டு அவர் என்னிடமே வந்தார். யாராக இருக்கும் என்று கேட்டார். நானும் அவரோடு உட்கார்ந்து யோசித்தேன். ஒருவர் பெயரையும் சொன்னேன்.

அதன்பின் அவர் எழுதவில்லை. என் விமர்சனத்தால்தான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அப்படி நினைப்பதிலும் ஒரு கர்வம் இருக்கிறது. ஆனால் பல வருஷம் கழித்து அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது அதன் ஒவ்வொரு வரியும் என் கவிதைகளுக்குப் பொருந்தியது. அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் விசாரித்திருக்கிறேன். தண்டனையை மட்டும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதை இத்தனை காலமும் 'ஏற்றுக்கொண்டு'தான் இருந்தேன், எனக்குள். பொறாமை இயல்பு, படைப்புக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும் என்று சமாதானங்கள். யாருக்கும் தெரியாமல் ஏற்றுக்கொள்வதில் நிழலுக்கு ஒரு நஷ்டமுமில்லை.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. அந்தத் தொழிலில் பழைய காலத்தில் கடல்கட்டி என்று ஒரு ஆள் உண்டு. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவன். அவன் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடலைப் பற்றி எழுதும் மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் 20ல் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாகச் சொல்கிறார். கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானதும் அவிழ்த்துவிடுவார்கள். திருடன் இறங்காதபடி சுறாவே முத்தைக் காக்கும்.

மந்திரம் பலித்ததா என்பது வேறு விஷயம். சுறாவைக் கொன்று தீர்க்க அவர்கள் நினைக்கவில்லை. கட்டித் தழுவவும் நினைக்கவில்லை. அதற்குப் பல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பாக ஒருவனை ஊர் அறிய நிறுத்தினார்கள். நானோ என் சுறாவைப் பகலில் அவிழ்த்துவிட்டு, வேறு பெயரில் ஒளிந்துகொண்டேன்.

இதை எழுதி முடித்ததும் இந்த ஏட்டுக்கு அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். அச்சில் ஒப்புக்கொள்வதும் ஒருவகையில் ஒளிந்துகொள்வதுதான் என்று பட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. சாயந்திரம் போனேன். புனைபெயரைச் சொன்னேன், அது நான்தான் என்றேன். அன்று அநியாயமாக வேறொருவர் பெயரைச் சொன்னதையும் சொன்னேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஏழாவது கவிதையப் பத்தி நீரு எழுதினது சரிதான் வே. மத்ததெல்லாம் அக்கிரமம்" என்றார்.

நாற்பது வருஷமாக அந்தக் கட்டுரை அவருக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அந்த ஏழாவது கவிதையில் என் பொறாமை எதைச் சரியாகக் கண்டது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். என் விமர்சனக் கண்ணும் அந்தப் பல்லும் ஒரே மீனுடையவை என்று தோன்றுகிறது.

உள்ளே வரச் சொன்னவர், டீ குடிக்கச் சொல்லவில்லை. வாசல்வரை வந்தார். இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன்.

"போடும். உம்ம பேர்ல போடும்" என்றார்.