பூட்டிய அறை

மனிதனைக் கதிகலங்க வைக்கும் சொற்கள் ஒவ்வொரு காலத்துக்கும் சில உண்டு. என் பாட்டனார் காலத்தில் 'ஜப்தி' என்ற சொல் காதில் விழுந்தால் வீட்டில் உலை ஏறாது. என் தகப்பனார் காலத்தில் தெருமுனையில் 'தந்தி!' என்று குரல் கேட்டாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள், செய்தி கல்யாணச் செய்தியாக இருந்தாலும். நம் காலத்துக்கும் அப்படி ஒரு சொல் வேண்டுமென்றால் 'பார்மட்' என்பதை நான் சிபாரிசு செய்வேன். எத்தனை சுலபமாக அதைச் சொல்லிவிடுகிறார்கள்! "ஒண்ணுமில்லை சார், பார்மட் பண்ணிட்டாப் போச்சு!" போவது எது என்று நாமும் கேட்பதில்லை.

சிதம்பரத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், கடையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மேல வீதியை ஒட்டி ஒரு சந்தில் ஓட்டு வீடு. நான் அவரைப் புலவர் என்றுதான் அழைப்பது. 1998ஆம் ஆண்டிலிருந்து ஆறு வருஷ காலம், சனி ஞாயிறு தவறாமல் ஒரு டேப் ரிக்கார்டரைச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் சுமந்துகொண்டு கடற்கரைக் கிராமங்களைச் சுற்றியவர். கிள்ளை, சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, தேவனாம்பட்டினம் என்று ஊர் ஊராகப் போய்த் தாலாட்டு, ஒப்பாரி, வலை இழுக்கும் அம்பாப் பாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்தார். மொத்தம் தொண்ணூறு நாடாக்கள். யாரும் கேட்டுச் செய்த காரியமல்ல. செய்ததற்காக யாரும் மாலை போட்டதும் இல்லை.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாடியவர்களில் சிலர் அன்றோடு இல்லை. அதற்குப் பிறகு புலவர் சைக்கிளை எடுக்கவேயில்லை. ஆனால் நாடாக்களை வீணாக்காமல் ஒரு மாணவனைக் கொண்டு அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தார். ஏற்றியது நல்லதாயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அவர் வீட்டு ஓடுகள் பறந்தன. அலமாரி மேல் இருந்த நாடாப் பெட்டி மழையில் ஊறிப் பாழாயிற்று. மிஞ்சியது கம்ப்யூட்டரில் இருந்த ஒரே பிரதி.

போன மாதம் புதுப்பேட்டைக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாராம். சுனாமியில் தாயாரைப் பறிகொடுத்தவர். அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கையில் இல்லை. "எங்கம்மா உங்க பெட்டியிலே பாடியிருக்காங்களாமே வாத்தியாரே, ஒருவாட்டி கேக்கலாமா?" என்றாராம். பாட்டைக் கேட்டுவிட்டு அவர் போன பிறகு புலவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரே பிரதி! மறுநாளே ஒரு கடையில் புது ஹார்ட் டிஸ்க் வாங்கி, பெட்டிக்குள் பொருத்தித் தரச் சொன்னார்.

ஏற்கெனவே அந்தப் பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ். மற்றொன்றில் லினக்ஸும் பாட்டுக்களும். இது மூன்றாவது. பொருத்திக் கொடுத்த பையன் சும்மா இருக்கவில்லை. லினக்ஸ் டிஸ்கில் ஒரு பாகம் காலியாக இருப்பதைப் பார்த்து, "வேஸ்ட்டா கிடக்குது" என்று அதை நீக்கிவிட்டான். வீட்டில் வந்து சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் நாலு வெள்ளை எழுத்துக்கள். பெட்டி திரும்பக் கடைக்குப் போயிற்று. அங்கே கிடைத்த தீர்ப்பைத்தான் முதலிலேயே சொன்னேனே!

புலவர் இரவு போன் செய்தார். "அழிச்சாத்தான் சரியாகுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால் தெரிந்த ஒருவனை எனக்குத் தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் உறவினர் வீட்டுக்கு எதிர்வீட்டுத் தம்பி. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது அல்லவா? தொடக்க ஆண்டுகளில் வந்தவை பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்தது அது. திறந்தவுடன், "எதற்குள் போகிறாய்?" என்று கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸுக்குள் போனார்கள். இவன் மற்றதற்குள் போய், அங்கேயே தங்கிவிட்டான். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, இப்போது வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறான்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, முட்லூர் வந்து, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள், கம்ப்யூட்டர் கண்விழிப்பது எப்படி என்று எனக்கு ஒரு பாடம் நடத்தி முடித்துவிட்டான்.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே தெரியாதாம். அந்தப் பழைய மாதிரி இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படி என்பது ஒன்றுதான். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட் போக, வேலை செய்யும் நிரலுக்கு எஞ்சுவது 446. தமிழில் ஒரு வெண்பா அதற்குள் அடங்கும். இரண்டு வெண்பா அடங்குவது கஷ்டம். அந்த வெண்பா அளவு நிரல் அடுத்த துண்டை எழுப்பும். அது மூன்றாவதாக ஒரு பாகத்துக்குள் போய்த் தன் குறிப்பேட்டை எடுத்து, "விண்டோஸா, லினக்ஸா?" என்று நம்மைக் கேட்கும். இந்த வாசற்காவலனுக்குப் பெயர் 'க்ரப்'. 1995இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கியது.

"அப்படியானால் இப்போது என்ன கோளாறு?"

"பாத்தாத்தான் தெரியும் சார். ஆனா காவல்காரன் பேசறான்னா உயிரோட இருக்கான்னு அர்த்தம்."

புலவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முந்தின இரவு தூங்கவில்லை என்று முகம் சொல்லிற்று. தம்பி காபியைக்கூடத் தொடாமல் திரையின் முன் உட்கார்ந்தான். ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஓர் அழைப்பு. அவன் 'எல்எஸ்' என்று இரண்டெழுத்து தட்டினான். இருக்கிற டிஸ்குகளும் பாகங்களும் வரிசையாக வந்தன. மூன்று டிஸ்கும் இருந்தன.

"ஒண்ணும் தொலையலை ஐயா" என்றான் முதல் காரியமாக. புலவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொரு பாகமாக எட்டிப் பார்த்தான். ஆறாம் பாகத்துக்குள் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்ப் பெயர்கள்! கிள்ளை, புதுப்பேட்டை, சாமியார்பேட்டை. பாட்டெல்லாம் அங்கே சௌக்கியமாக இருந்தது.

நடந்தது இதுதான். அந்த டிஸ்கில் ஐந்தாம் பாகம் காலி, ஆறாவதில் லினக்ஸ், ஏழாவதில் பாட்டு. பையன் ஐந்தை நீக்கியதும் பின்னால் இருந்தவை ஓர் எண் முன்னால் நகர்ந்துவிட்டன. லினக்ஸ் ஐந்தாயிற்று, பாட்டு ஆறாயிற்று. காவலனோ பழைய விலாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆறாம் வாசலில் போய்த் தன் குறிப்பேட்டைத் தேடியிருக்கிறான். அங்கே இருந்ததோ தாலாட்டு. நம் ஊர்க் கதவுகளில் 'பழைய எண் 6, புதிய எண் 5' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் புதுத் தபால்காரர் திண்டாடுவாரே, அதே சங்கதி. இதற்காக வீட்டை இடிக்கவேண்டும் என்றது கடை!

தம்பி புது விலாசத்தைக் கையால் தட்டினான். இரண்டு 'செட்', ஒரு 'இன்ஸ்மாட்'. கடைசியில் அடித்த கட்டளை 'நார்மல்'. அதுதான் உண்மையான கட்டளை. நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. மறு நிமிஷம் பழைய பட்டியல் திரையில் வந்தது. லினக்ஸ் தடையில்லாமல் எழுந்தது. அது எப்படி, அதற்கு மட்டும் எண் குழப்பம் இல்லையா என்று கேட்டேன். லினக்ஸ் தன் பாகத்தை எண்ணால் தேடுவதில்லையாம். ஒவ்வொரு பாகத்துக்கும் 32 எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. வரிசை மாறலாம், டிஸ்கை வேறு கம்பியில் மாட்டலாம், அது மாறாது. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று மச்சத்தைக் குறிக்கிறோமே, அதுபோல.

இனிப் பழுதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் நினைத்தேன். தம்பி சம்மதிக்கவில்லை. "முதல்ல நகல், அப்புறம்தான் பழுது. நான் பழுதுபார்க்கையிலே கை தவறினாலும் பாட்டு இருக்கணும் இல்லியா?"

புது டிஸ்கில் நகல் எடுக்க, அதைப் பார்மட் செய்யவேண்டும் என்றான். புலவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்! "காலி மனை ஐயா இது. இதுலதான் பண்ணணும்" என்று தேற்றினான். ஆனாலும் அவன் அவசரப்படவில்லை. எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் மூன்று டிஸ்குக்கும் வைத்திருக்கும் பெயர்கள் கண்ணில் பட்ட வரிசையில் வைத்தவை, நாளைக்கே மாறலாம். அதனால் கொள்ளளவைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தொடர் எண்ணைத் திரையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டான். இரண்டு முறை ஒப்பிட்டான். அதன் பிறகே விசையைத் தட்டினான். அந்த ஒரு நிமிஷம் நாங்கள் மூவரும் மூச்சு விட்டோமா என்பது சந்தேகம்.

நகல் ஓட அரை மணிக்கு மேல் பிடித்தது. அந்த நேரத்தில் புலவர் தம் ஊர்க் கதையைச் சொன்னார். தேவார ஏடுகளைத் தேடி ராஜராஜ சோழன் நம்பியாண்டார் நம்பியோடு தில்லைக்கு வந்த கதை. ஏடுகள் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள் தீட்சிதர்கள். மூவரும் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அரசன் அவர்களுடைய திருவுருவங்களை வீதிவலமாகக் கொண்டுவந்து நிறுத்தி, "இதோ வந்துவிட்டார்கள்" என்றான். கதவு திறந்தது. உள்ளே கறையான் புற்று. எண்ணெய் சொரிந்து புற்றை அகற்றிப் பார்த்தால், மிஞ்சியது கொஞ்சம்தான். இது திருமுறை கண்ட புராணம் சொல்வது.

"எல்லாரும் கதவு திறந்த சாமர்த்தியத்தைத்தான் பேசுவாங்க" என்றார் புலவர். "எனக்கு அந்தக் கறையான் ஞாபகம்தான் வரும். கதவு பூட்டிக்கிடந்த காலமெல்லாம் அது சும்மா இல்லை. எப்பவோ ஒருத்தர் ரெண்டாவது பிரதி எழுதி வேற ஊரிலே வச்சிருந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. பூட்டின அறையைக் காலி அறை என்று நினைத்து இடிப்பவர்கள் ஒரு வகை. பூட்டியிருப்பதாலேயே பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைத் திட்டுவது சுலபம். நம்மில் அநேகர் இரண்டாவது வகை என்று எனக்குத் தோன்றியது.

நகல் முடிந்தது. தம்பி அங்கங்கே நாலைந்து பாட்டைப் பொறுக்கி, பிரதியிலிருந்தே ஓடவிட்டுச் சரிபார்த்தான். அதற்குப் பிறகுதான் காவலனைப் புது விலாசத்தோடு மறுபடி குடியமர்த்தினான். அதையும் மூன்றில் எந்த டிஸ்கில் என்று மறுபடி தொடர் எண் பார்த்து. தப்பான டிஸ்கில் எழுதியிருந்தால் அங்கே இருந்த காவலன் போயிருப்பான். பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். எந்தக் கட்டளையும் இல்லாமல் பட்டியல் வந்தது.

புலவர் புதுப்பேட்டைக்காரருக்குப் போன் செய்தார். "அம்மா பாட்டை இன்னொரு பிரதி எடுத்திருக்கோம். வந்து உனக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போ. உங்க வீட்டிலேயும் இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் புறப்படும்போது பெட்டியின் பக்கப் பலகை இன்னும் மாட்டப்படவில்லை. புலவர் வெள்ளைக் காகிதத்தில் மூன்று சீட்டு வெட்டி, தம் அழகான வாத்தியார் கையெழுத்தில் எழுதி, டிஸ்குகளில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதவில்லை. 'கடிதம்', 'பாட்டு', 'பாட்டின் பிரதி' என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் தொடர் எண், பொடி எழுத்தில்.